கஸ்தூரியின் பெயரில் ஒரு மெமோ

போன வாரம் என் பழைய செக்‌ஷனிலிருந்து போன் வந்தது. பேசியவர் புதிதாகச் சேர்ந்திருக்கும் இன்ஜினீயர். இந்த மாதக் கடைசியில் கஸ்தூரி ரிடையர் ஆகிறாளாம். அதற்கு மலர் போடுகிறார்களாம். "மேடமோட ஆரம்ப காலத்துல கூட வேலை பாத்தது நீங்கதான் சார். ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். நான் ரிடையர் ஆனபோது எனக்கு யாரும் மலர் போடவில்லை. ஒரு சந்தன மாலை, ஒரு சுவர்க் கடிகாரம், ஆளுக்கு இரண்டு சமோசா. கடிகாரம் இரண்டாவது மாதமே நின்றுவிட்டது.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரும் அவளை மேடம் என்கிறீர்கள். எனக்கு அவள் கஸ்தூரிதான். அவள், இவள் என்றுதான் எழுதுவேன். திருத்தாதீர்கள்.

போனை வைக்கும் முன் அந்த இன்ஜினீயர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "மேடமோட சர்வீஸ் ஃபைல எடுத்துப் பாத்தோம் சார். முப்பது வருஷத்துல ஒரே ஒரு மெமோ. அதுவும் எதுக்கு தெரியுமா? செல்லுல உப்பு ஏற விட்டாங்களாம்! மேடம் மாதிரி ஆளுக்கு! அதை மலர்ல ஒரு ஜோக்கா போடப் போறோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெமோவில் கையெழுத்துப் போட்டது எங்கள் மேலதிகாரி. போடவைத்தது நான்.

என் பெயர் ஏழுமலை. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் பிறந்தவன், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் இறக்கும் எண்ணெய் எண்ணூர்ப் பக்கம் இருக்கும் டேங்க் யார்டுக்கு மண்ணுக்கடியில் ஒரு குழாய் வழியாகப் போகிறது. அந்தக் குழாய் ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. முப்பத்து நான்கு வருடம் பார்த்தேன். இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க முடிந்ததே இல்லை. "பைப்புல ஓட்ட கீதான்னு பாக்க ஒரு ஆபீஸா மாமு?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் என் மச்சான் கேட்பான்.

ஓட்டை விழுந்த பிறகு பார்க்க ஆபீஸ் வேண்டாம், மூக்கு போதும். விழும் முன் பார்க்கத்தான் நாங்கள். எங்கள் கடலோர மண்ணில் உப்பு அதிகம். அதில் இரும்பைப் புதைத்தால் உப்பு அதைத் தின்றுவிடும். அதனால் குழாயின் மேல் தார்ப் பட்டை சுற்றியிருக்கும். பட்டை எங்கேயாவது கிழிந்தாலும் துரு ஏறாமல் இருக்கக் குழாய்க்குக் கொஞ்சமாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருப்போம். அது எட்டவேண்டிய இடத்துக்கு எட்டுகிறதா என்று பார்க்க, கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டு, மாதம் ஒரு முறை அங்கே போய் அளவெடுப்போம். எண்ணூற்றைம்பது மில்லிவோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் கவலை இல்லை. அதற்குக் கீழே இறங்கினால் அந்த இடத்தில் குழாயை உப்பு தின்ன ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

மீட்டரின் ஒரு ஒயரைக் கல்லில் இருக்கும் குழாயின் இணைப்பில் மாட்டுவோம். இன்னொரு ஒயர் செல்லுக்கு. செல் என்றால் நீங்கள் கையில் வைத்திருக்கும் போன் இல்லை. ஒரு சாண் நீளக் குழல். உள்ளே செப்புக் கம்பி, அதைச் சுற்றி மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீர், அடியில் ஈரம் கசியும் ஒரு கட்டை. குழாய்க்கு நேர் மேலே மண்ணை நனைத்து அதை ஊன்ற வேண்டும். உப்புத் தண்ணீரில் நிறைய நேரம் வைத்தால் கட்டை வழியாக உப்பு உள்ளே ஏறிவிடும். ஏறினால் செல் பொய் சொல்லும், நல்ல குழாயையும் நோயாளி என்று காட்டும். இதற்காக எங்கள் செக்‌ஷனில் திங்கட்கிழமை வழக்கம் ஒன்று உண்டு. வெளியே போகாமல் அலமாரியிலேயே இருக்கும் ஒரு மாஸ்டர் செல்லையும் எங்கள் செல்களையும் ஒரே பக்கெட் தண்ணீரில் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம். ஐந்து மில்லிவோல்ட் வரைக்கும் இருந்தால் செல் நல்ல செல். தாண்டினால் நீலத் தண்ணீரைக் கொட்டி, கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும். வித்தியாசத்தை ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

இதையெல்லாம் நான் கற்றுக்கொண்ட இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பை தூக்கினேன், வெயிலில் கறுத்தேன், கற்றுக்கொண்டேன்.

எங்கள் மேலதிகாரி ராஜசேகரன் சார். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அளவுத் தாளை நீட்டினால் வாங்கிக்கொள்வார், ஆனால் படிக்கமாட்டார். நம் முகத்தைப் பார்த்து, "எங்க நின்னு பாத்த?" என்பார். நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். இடது பக்கம் என்ன இருந்தது, நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, மண் ஈரமா, காய்ந்ததா என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நடுவில் தடுமாறினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபடி அதே கல்லுக்கு வெயிலில் நடக்க வேண்டியதுதான். திருப்தியானால் தாளைப் பக்கத்தில் இருக்கும் ஃபைலில் போடுவார். மிகவும் திருப்தியானால் நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அவர் பாராட்டு என்றால் அதுதான். ஆபீஸில் எல்லோரும் அந்தப் பைக்காகத்தான் வேலை செய்தோம். பதினொரு வருடத்தில் என் தாள் இரண்டே முறை அதற்குள் போனது.

கஸ்தூரியின் தாள் முதல் மாதமே போனது.

புளியந்தோப்பு ஹவுசிங் போர்டிலிருந்து வந்தவள். அப்பா கொடவுனில் மூட்டை தூக்குகிறவர். டிப்ளமா முடித்து எங்கெங்கோ தற்காலிக வேலை பார்த்து, இருபத்தெட்டு வயதில் எங்களிடம் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். ஒரு வருடம் கழித்து நிரந்தரம் என்று ஆர்டர். கையில் ஒரு நீள நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு கல்லுக்கும் அதில் ஒரு பக்கம். கல் எங்கே, கரண்ட் கம்பம் எங்கே, ஓடை எங்கே, இதிலிருந்து அதற்கு எத்தனை அடி என்று படமே போட்டு வைத்திருந்தாள். "எங்க நின்னு பாத்த?" என்று சார் கேட்டதும் வாயைத் திறக்கவில்லை, நோட்டைத் திருப்பிக் காட்டினாள். சார் அந்தப் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தாளை மடித்தார். நான் டீ கிளாஸோடு நின்றிருந்தேன். வாயில் இருந்த டீ கசந்தது.

அன்றிலிருந்து அவள் எதைச் செய்தாலும் என் வயிறு எரிந்தது. பொய் சொல்ல விருப்பமில்லை. அவள் கையெழுத்து அழகாக இருந்தது, எரிந்தது. ஷூ போட்டு வந்தாள், எரிந்தது. லைனில் தினமும் நடந்து பார்க்கும் துலுக்காணம் காத்திவாக்கத்து ஆள். பதினொரு வருடத்தில் எனக்கு ஒரு நெத்திலி கொடுத்ததில்லை. அவளுக்கு மட்டும் டப்பாவில் எறா வறுவல் கொண்டுவந்தான். "எனக்கு இல்லியாடா?" என்று கேட்டதற்கு, "உனுக்கு வூட்ல அண்ணி ஆக்கித் தராங்க. இந்தப் பொண்ணு காத்தால ஆறு மணிக்கே வூட்ட விட்டு வந்துகீது நைனா" என்றான். நியாயம்தான். அந்த நியாயமும் எரிந்தது. வீட்டில் என் மனைவி சரோஜா சலித்துப்போய், "அந்தப் பொண்ணப் பத்தி பேசலைன்னா உனுக்கு சோறு எறங்காதா?" என்று கேட்டாள்.

பிறகு சார் என் லைனை அவளிடம் கொடுத்தார். பன்னிரண்டாம் கல்லிலிருந்து பதினெட்டாம் கல் வரை. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிப் போகும் பகுதி அது. பதினொரு வருடம் நான் அளவெடுத்த இடம். "கொஞ்ச நாள் அவ பாக்கட்டும் ஏழுமலை. புதுக் கண்ணு" என்றார். அப்போ என் கண் பழசாகிவிட்டதா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. "சரிங்க சார்" என்றேன்.

முதல் மாதம் பதினாலாம் கல்லில் அவள் எடுத்த அளவு எண்ணூற்று முப்பது. அதே கல்லில் அதற்கு முந்தின மாதம் நான் எடுத்தது தொள்ளாயிரத்துப் பத்து. இரண்டாவது மாதம் அவளுக்கு எண்ணூற்று ஐந்து. சார் இரண்டு பேரையும் கூப்பிட்டார். என் பழைய தாளும் அவளுடைய புதிய தாளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. முதலில் என்னிடம் கேட்டார்.

"எங்க நின்னு பாத்த?"

"கல்லு பக்கத்துலதான் சார்."

அவளைப் பார்த்தார்.

"நான் ஓடையில எறங்கி நின்னு பாத்தேன் சார்" என்றாள். "ரோட்ட அகலம் பண்ணப்ப கல்ல புடுங்கி இந்தாண்ட நட்டுட்டாங்க போல. பழைய மேப்ல பாத்தேன். பைப்பு கல்லுக்கு அடியில இல்ல சார், பன்னெண்டு அடி தள்ளி ஓடைக்கு அடியில போவுது."

 கல் நகர்ந்தது எனக்குத் தெரியும். ரோடு வேலை நடந்தது என் காலத்தில். ஒரு மாதம் போய்ப் பார்த்தபோது கல் பூவரச மர நிழலுக்கு வந்திருந்தது. குழாயும் கூடவே நகருமா என்று நான் யோசிக்கவில்லை. நிழல் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். ஓடையில் இறங்கினால் சாக்கடைத் தண்ணீரும் கழிமுகத்து உப்புத் தண்ணீரும் கலந்து கலீஜாக முழங்கால் வரை வரும். மரத்தடியில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிச் செல்லை ஊன்றி, தொள்ளாயிரத்துச் சொச்சம் என்று எழுதிக்கொண்டு வந்துவிடுவேன். எட்ட நின்று பார்த்தால் அளவு அழகாகத்தான் காட்டும். கிழிந்த இடத்துக்கு நேர் மேலே நின்றால்தான் உண்மை தெரியும்.

சார் அவள் தாளை மடித்துப் பையில் வைத்தார். என் தாள் மேசையிலேயே கிடந்தது. பிறகு சொன்னார், "தோண்டிப் பாத்துடலாம். ஆனா அது கன்டெய்னர் லாரி போற ரோடு. மூணு ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு நிச்சயமாத் தெரியணும். ஓடைத் தண்ணி உப்பு. அவ செல்லுல உப்பு ஏறியிருந்தா அளவு கொறைவாத்தான் காட்டும். ஏழுமலை, திங்கக்கிழமை அவ செல்ல நீ டெஸ்ட் பண்ணு. செல் நல்லா இருந்தா தோண்டலாம். இல்லன்னா அடுத்த மாசம் மறுபடி அளவெடுப்போம்."

அவளை விட்டுவிட்டு என்னிடம் கொடுத்தார். அவள் செல்லை அவளே சோதிப்பது முறையில்லை என்பதால் கொடுத்தார். என்னை நம்பிக் கொடுத்தார். எனக்கோ, என் பதினொரு வருடத்தைப் பக்கெட்டில் போட்டு அளக்கச் சொன்னதுபோல் இருந்தது.

திங்கட்கிழமை காலை டெஸ்ட் ரூமில் வேறு யாரும் இல்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்தேன். மாஸ்டர் செல்லை நிறுத்தினேன். பக்கத்தில் அவளுடைய ஏழாம் நம்பர் செல். மீட்டர் ஒயரை இரண்டிலும் மாட்டினேன்.

மூன்று.

ஒயரைக் கழற்றி மாற்றி மாட்டினேன். மூன்று. பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். அப்போதும் மூன்றுதான். அவள் செல்லில் ஒரு குறையும் இல்லை. ஓடையில் இறங்கி நின்று எடுத்த அளவு உண்மை. கல் நகர்ந்த நாளிலிருந்து மர நிழலில் நின்று நான் எழுதியது பொய். இதைச் சொல்ல நான் எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்.

செல்லைப் பக்கெட்டிலிருந்து எடுத்தேன். மூடியைத் திருகி, நீலத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். கழுவினேன். புதிதாக ஊற்றினேன். ரிஜிஸ்டரில் ஏழாம் நம்பருக்கு நேரே வித்தியாசம் எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டு, குறிப்பில் 'கழுவி நிரப்பப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேராகச் சாரிடம் போய், "உப்பு ஏறியிருந்துச்சு சார். கழுவி வேற ஊத்திட்டேன்" என்றேன்.

எங்க நின்னு பாத்த என்று எல்லோரையும் கேட்கும் மனிதர், எவ்வளவு காட்டியது என்று அன்றைக்கு என்னைக் கேட்கவில்லை.

மெமோ மூன்று வரி. 'அளவுக் கருவியைப் பராமரிப்பதில் கவனக்குறைவு.' அவள் நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது. காகிதத்தை நின்றபடியே படித்தாள். "ஒவ்வொரு தபாவும் தொடைச்சிட்டுதான் சார் ஊனுவேன்" என்று மட்டும் சொன்னாள்.  அவள் மெமோவை மடித்து அந்த நீள நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் சரோஜா கட்டிக்கொடுத்த வற்றல்குழம்பு சோறு எனக்கு அவ்வளவு ருசித்தது. அந்த ருசி இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

அடுத்த மாதம் மறுபடி அளவெடுக்கலாம் என்றார் அல்லவா? அடுத்த மாதம் மழை பிடித்துக்கொண்டது. ஓடை நிறைந்து ரோட்டின் மேல் வழிந்தது. பதினாலாம் கல்லின் தலை மட்டும் தெரிந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படியே. மழையில் நான் குடைக்குள் நடந்து போகும்போதெல்லாம் எண்ணூற்று ஐந்து, எண்ணூற்று ஐந்து என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது. சாரிடம் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை அவர் அறை வாசல் வரை போனேன். இரண்டு முறையும் உள்ளே அவள் நோட்டை விரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம், காலை பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். துலுக்காணம், டீக்கடையிலிருந்து பேசினான்.

"அண்ணா, பதினாலு கல்லாண்ட ஓடையில கலர் கலரா மெதக்குது. எண்ண வாட அடிச்சிகினு கீது. சீக்கிரம் வா."

துறைமுகத்துக்குச் சொல்லி பம்பை நிறுத்தினோம். இரண்டு பக்கமும் வால்வை மூடினோம். நாங்கள் ஜீப்பில் போய் இறங்கியபோது டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு நின்றிருந்தார். துலுக்காணம் ரோட்டின் நடுவில் நின்று, பீடியோடு வந்த லாரி டிரைவர்களைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்து ஓடை கழிமுகத்தில் கலக்கும் இடத்துக்கு இருநூறு அடிகூட இல்லை. அதற்குள் தடுக்க வேண்டும். மணல் மூட்டை, அதற்கு முன்னால் வைக்கோல் கட்டு, அதற்கு முன்னால் சாக்கு. கஸ்தூரி இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டையை வாங்கி வாங்கி அடுக்கினாள். நானும் இறங்கினேன். கல் நகர்ந்த பிறகு அந்த ஓடையில் நான் இறங்கியது அன்றுதான்.

கரையில் கழிமுகத்தில் கையால் எறா தடவிப் பிடிக்கும் பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்துக் கேட்டாள். "இன்னா சார், தண்ணில எறங்கலாமா கூடாதா? வாயத் தொறந்து சொல்லு. எறங்குனாதான் எங்க வூட்ல ஒல கொதிக்கும்."

நான் கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரி தண்ணீரிலிருந்தே சொன்னாள். "இப்ப எறங்காதக்கா. நானே வந்து சொல்றேன், அதுக்கு அப்பால எறங்கு."

எண்ணெய் அந்த மணல் மூட்டையைத் தாண்டவில்லை. தாண்டாமல் நின்றதற்கு எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் நான்கு நாள் அந்தப் பெண்கள் தண்ணீரில் இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கஸ்தூரி காத்திவாக்கத்துக்கு நடந்தே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஓடைத் தண்ணீரை அடைத்து வடித்துவிட்டுத் தோண்டினோம். அவள் செல்லை ஊன்றியதாகப் படம் போட்டிருந்த இடத்துக்கு நேர் கீழே இருந்தது. தார்ப் பட்டையில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். ரோடு அகலப்படுத்திய மண்வெட்டும் இயந்திரத்தின் பல் பட்ட தடம். அதன் நடுவில் கடுகளவு ஒரு ஓட்டை. மழைக்கு முன்பு தோண்டியிருந்தால் துருவைச் சுரண்டி, மேலே ஒரு இரும்புச் சட்டை மாட்டிப் புதிதாகப் பட்டை சுற்றி மூடியிருப்போம். ஒரு நாள் வேலை. குழாயைக் காக்க வைத்த வேலி நான். வேலியே பயிரை மேய்ந்தது.

மறுநாள் சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். மேசையில் செல் ரிஜிஸ்டர் விரித்திருந்தது. காலிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"எவ்வளவு காட்டுச்சு?"

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஞாபகம் இல்ல சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். நான்கு மடிப்பும் நைந்து போயிருந்தது. எண்ணூற்று ஐந்து. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைத்திருக்கிறார். "இந்த மெமோவ நான் வாபஸ் வாங்கணும்னா செல் நல்லா இருந்துச்சுன்னு காட்ட ஒரு நம்பர் வேணும் ஏழுமலை" என்றார். "மேல கேப்பாங்க. நல்லா யோசிச்சுச் சொல்லு."

நல்லா யோசித்தேன். மூன்று என்றால் அவள் மெமோ போய்விடும். அந்த மெமோ என் பெயருக்கு வரும், மெமோவோடு நிற்காமலும் போகலாம். அதெல்லாம் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பயத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. அந்த நைந்த தாள். என் தாள் எதையும் அவர் மூன்று மாதம் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்ததில்லை.

"நெஜமா ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

சார் ரிஜிஸ்டரை மூடினார். மெமோ அப்படியே நின்றது. என் தாளை எடுத்து மடித்துப் பையில் வைக்கும் சந்தர்ப்பம் அதன் பிறகு அவருக்கு வரவே இல்லை.

வெளியே குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். கஸ்தூரி பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசுவாள்.

"அன்னிக்கு திங்கக்கெழம என் செல்ல எடுத்துகினு போலாம்னு வந்தேன். ரூம் வாசல்ல நின்னுகினு இருந்தேன். நீ மீட்டர எம்மா நேரம் பாத்தன்னு பாத்தேன். ஒயர மாத்தி மாட்டனத பாத்தேன். அப்பால கொட்டனதயும் பாத்தேன்."

"சார்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நம்பர் நான் பாக்கல. பாக்காதத எப்டி சொல்றது?" குழாயை அவளே மூடினாள். "இன்னா காட்டுச்சுன்னு உன்ன நான் கேக்கமாட்டேன். நீயா சொன்னா கேட்டுக்கறேன். ஆனா இனிமே என் செல்ல நீ தனியா தொடாத."

அந்த வாரமே அவள் ஒரு பக்கம் எழுதிச் சாரிடம் கொடுத்தாள். செல்லைச் சோதிக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். எண்ணை எழுதாமல் கொட்டக்கூடாது. சார் ஒத்துக்கொண்டார். பிறகு எங்கள் கம்பெனியின் எல்லா ஸ்டேஷனுக்கும் அது போனது. இன்றைக்கு நீங்கள் அதை 'கஸ்தூரி மேடம் ரூல்' என்கிறீர்கள். மேடத்துக்கு எப்படி இந்த யோசனை வந்தது என்று போனில் அந்த இன்ஜினீயர் வியந்து கேட்டார். எப்படி வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். அந்த ரூலில் பாதி என்னுடையது. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். துறைப் பரீட்சை எல்லாம் எழுதினாள், மேலே மேலே போனாள். என் கடைசி ஏழு வருடம் அவள்தான் எனக்கு மேலதிகாரி. என்னைப் பழிவாங்கினாளா என்றால் இல்லை. லீவு கேட்டால் கொடுத்தாள். சரோஜாவுக்கு ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தாள். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பக்கெட்டில் செல்லை நிறுத்திவிட்டு, அத்தனை பேர் இருந்தும் என்னைத்தான் கூப்பிடுவாள். "ஏழுமலைண்ணா, வாங்க. ரெண்டாவது கையெழுத்து போடுங்க." எண்ணைச் சத்தமாகப் படிப்பாள். படித்துவிட்டு ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்ப்பாள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவேன். ஏழு வருடத்துத் திங்கட்கிழமைகள். கடைசித் திங்கட்கிழமைகூட அவள் காத்திருந்தாள். அன்று சாயங்காலம் அந்தச் சுவர்க் கடிகாரத்தை என் கையில் கொடுத்ததும் அவள்தான்.

இப்போதெல்லாம் அளவு தானாகவே உங்கள் போனுக்கு வந்துவிடுகிறதாம். பக்கெட் ஸ்டோர் ரூமில் கிடக்கிறதாம். நல்லது. இயந்திரத்துக்கு யார் மேலும் பொறாமை வராது.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு ஏன் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. நீங்கள் அந்த மெமோவை ஜோக்காகப் போட்டால், மேடையில் அதைப் படிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் எழுந்து நின்று சிரிப்பாள், அதற்கும் அவளுக்குக் கைதட்டு விழும். படுத்தால் அந்தக் கைதட்டல்தான் காதில் கேட்கிறது. அந்த மெமோ என்னுடையது. சம்பாதித்தவன் நான். அவள் பெயரில் இருந்து அதைக் கழற்றி எனக்குக் கொடுங்கள்.

அவள் ரிடையர் ஆக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. மலர் அச்சுக்குப் போகும் முன் ரெகார்டு ரூமில் அந்தப் பழைய செல் ரிஜிஸ்டரைத் தேடி எடுங்கள். பழுப்பு அட்டை, முதுகில் நீலக் கறை இருக்கும். மழைக்கு முந்தின பக்கங்களில் ஏழாம் நம்பர் செல்லுக்கு நேரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கும். அதில் மூன்று என்று எழுதி, எழுதியதை அவளிடம் கொண்டுபோய்ச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இரண்டாவது கையெழுத்தை அவள் போடட்டும். முதல் கையெழுத்து என்னுடையது, ஏற்கெனவே அங்கே இருக்கிறது.